அம்மாவுக்குத் தலை தெரிய வேண்டும்: 11 பேருக்கு ஒரு கடற்கரை

வணக்கம். காற்று இரைச்சலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கிருஷ்ணகிரி அணைக்கரையில் நிற்கிறேன். பின்னால் தெரிவது தென்பெண்ணை. நந்தி மலையில் கிளம்பி, நம் ஊரைக் கடந்து, கடலூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிற ஆறு. அதற்கு வழி தெரியும். எங்கள் வீட்டு 11 பேருக்கு எந்தக் கடற்கரை என்று முடிவு செய்ய எனக்குத்தான் மூன்று வாரம் ஆனது.

ஐந்து பேருக்கு ஸ்நார்கெலிங் ஆசை. முகத்தில் மாஸ்க், வாயில் மூச்சுக்குழாய், குப்புற மிதந்தபடி பவளப்பாறையும் மீனும் பார்ப்பது. நான், தம்பி, மச்சான், அக்கா மகள், சித்தப்பா. மற்ற ஆறு பேருக்கு நிழல், மணல், இளநீர், பேச்சு. அதில் அம்மாவும் பெரியம்மாவும் கணுக்காலுக்கு மேல் நனைய மாட்டார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே கூட்டத்தை அந்தமானில் ஹாவ்லாக் தீவுக்கு அழைத்துப் போனேன். உட்காருபவர்களுக்கு ராதாநகர் கடற்கரை, நீந்துபவர்களுக்கு எலிஃபன்ட் கடற்கரை என்று பங்கு போட்டுக் கொடுத்த பெருமை எனக்கு. ராதாநகரில் வெள்ளை மணல், பின்னால் காட்டு மரங்களின் நிழல். ஆனால் கரையோரம் பவளப்பாறை கிடையாது. பவளம் எலிஃபன்ட் கடற்கரையில். அதற்குப் படகுத்துறைக்குப் போய்ப் படகேற வேண்டும். காலை எட்டு மணிக்குக் கிளம்பிய நாங்கள் வரிசையில் நின்று, போய், குதித்து, திரும்பி வரும்போது மணி ஒன்றரை. அங்கே போனில் சிக்னல் இல்லை. அம்மா அதுவரை ஒரு வாய் சாப்பிடவில்லை. “அழகான கடற்கரையாயிற்றே, ரசிக்கவில்லையா?” என்று கேட்டேன். “நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள் என்றே தெரியாமல் எதை ரசிப்பது?” என்றார்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. நம் வீடுகளில் கரையில் உட்காருபவர் ஓய்வெடுப்பதில்லை, தலைகளை எண்ணுகிறார். ஆகவே இந்த முறை மணலின் நிறம், அறையின் வாடகை எல்லாம் பிறகு. நிழலில் உட்கார்ந்தபடி, தண்ணீரில் மிதக்கும் ஐந்து தலைகளும் தெரிகிற கடற்கரையா என்பதுதான் முதல் கேள்வி.

அப்படித் தேடியதில் நம் பக்கத்துக் கடல்கள் முதலிலேயே கழிந்துவிட்டன. மாமல்லபுரம், புதுச்சேரி பக்கம் அலை மணலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். கரையோரம் முகத்தைத் தண்ணீரில் வைத்தால் கலங்கல்தான். மன்னார் வளைகுடாவில் பவளம் உண்டு. ஆனால் அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது. இராமேசுவரத்துக்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆண் கடல் சீறும், பெண் கடல் அடங்கியிருக்கும். வடகிழக்கில் தலைகீழ். எந்தத் தீவுக்குப் போனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து மறுபக்கக் கரையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பேச்சுதான்.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. நீளமான மணற்கரை, எதிரே சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாத் தீவு. பவளமும், மனிதரைச் சீண்டாத கருமுனைச் சுறாக்களும் அங்கே உண்டு. கரையில் தமிழ் பேசிச் சாப்பாடு வாங்கலாம், பெரியம்மாவுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கிழக்குக் கடல் அடங்கியிருப்பது மே முதல் செப்டம்பர் வரை. நாங்கள் போவது தை மாதம். தவிர, ஒரு கிலோமீட்டர் தொலைவில் தலை தெரியாது. மே விடுமுறையில் போகிறவர்கள், பாஸ்போர்ட் இருந்தால், தாராளமாக யோசியுங்கள்.

நாங்கள் எடுத்தது மற்றொன்று: அந்தமானில் நீல் தீவு. 2018 முதல் அதன் பெயர் ஷஹீத் தீவு. அங்கே பரத்பூர் கடற்கரை, படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. ஆழம் குறைவு, பவளம் கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடும். பின்னால் கடைகளும் நிழலும். கண்ணாடி அடித்தளப் படகும் உண்டு, அதாவது அம்மா புடவை நனையாமல் பவளத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ராதாநகரோடு ஒப்பிட்டால் அழகு ஒரு படி குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். கூட்டமும் உண்டு.

அங்கே ஒரு சிக்கல், ஓதம், அதாவது கடல் நீர் ஏறுவதும் வற்றுவதும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பவளம் வெளியே தலைகாட்டும். அப்போது நீந்தப் போனால் முழங்காலும் கிழியும், பவளமும் உடையும். நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றலும் அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமி, நவமி பக்கம் எல்லாம் தணிந்திருக்கும். அந்த நாட்களில் வெளியூர் கிளம்பக் கூடாது என்பவர் அம்மா. கடலில் இறங்க அதுதான் நல்ல நாள் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஒத்திகை பார்த்தது காவேரிப்பட்டணத்தில், மாமா தோட்டத்துக் கிணற்றில். நாங்கள் எல்லாரும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தக் கற்றவர்கள். கிணற்றுத் தைரியம் கடலில் செல்லாது, அங்கே சுவர் இல்லை, நீரோட்டம் உண்டு. மிதவை அங்கி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மாஸ்க் வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் அழுத்தி மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள்; கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை இருந்தால் அந்த ஓரத்தில் தண்ணீர் கசியும். சித்தப்பாவின் மாஸ்க் மூன்று முறை நிரம்பியது. மூக்குக்குக் கீழே கொஞ்சம் மழித்துக்கொள்ளுங்கள் என்றேன். பதில் சொல்லாமல் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார்.

இருங்கள், அவர்தான் அழைக்கிறார்.

மீசையில் கை வைக்க முடியாதாம். அம்மாவோடு கரையிலேயே உட்காருகிறாராம், கண்ணாடிப் படகில் தனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்கிறார். சரி, எண்ண வேண்டிய தலை நான்கு.