ஹேவ்லாக்கா, நீலா? அந்தமானில் எங்கே தங்குவது

நேயர்களுக்கு வணக்கம்.

அந்தமான் போகத் திட்டமிடுகிறவர்கள் எல்லோரும் அங்குள்ள ஹேவ்லாக், நீல் என்ற இரு தீவுகளைப் பற்றிக் கேட்கும் கேள்வி, "ஹேவ்லாக் நல்லதா, நீல் நல்லதா?" என்பது. அழகை வைத்துப் பதில் தேடினால் கிடைக்காது, இரண்டுமே அழகுதான். பொழுது சாய்ந்த பிறகு உங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் இந்திய நேரம்தான் காட்டும். டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அதன்பின் தூங்கும்வரை நான்கைந்து மணி நேரம் கிடக்கிறது. அந்த நேரத்துக்குக் கடை, உணவகம், ஆள் நடமாட்டம் வேண்டுமென்றால் ஹேவ்லாக். அலைச் சத்தம் மட்டும் போதுமென்றால் நீல்.

2018 டிசம்பரில் ஹேவ்லாக்குக்குச் சுவராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாறியது. அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். பயணச்சீட்டில் புதுப் பெயரைக் கண்டு குழம்பாதீர்கள்.

ஹேவ்லாக்கில் பலர் ஏமாறுவது அறை பிடிப்பதில்தான். பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜயநகர் பக்கம் இருக்கின்றன. 'கடலைப் பார்த்த அறை' என்று கூடுதல் பணம் கொடுத்துப் போனால், கடல் வற்றும் நேரத்தில் வாசலில் பாறையும் செத்த பவளமும்தான் தெரியும், குளிக்க முடியாது. குளிக்கத் தோதான ராதாநகர் கடற்கரை மேற்கே, ஜெட்டி எனப்படும் படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அங்கே சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆட்டோ தேடினால் சிரமம். போகும்போதே திரும்பி வரவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். ராதாநகரை ஒட்டிய சிறு விரிகுடாவில் 2010இல் ஒரு பயணி முதலைக்குப் பலியானார். உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள், எச்சரிக்கைப் பலகையை அலட்சியம் செய்யவே செய்யாதீர்கள்.

இனி நீல். ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர்தான், மிதிவண்டியிலேயே சுற்றிவிடலாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்கள் காய்கறி பயிரிடும் தீவு அது. அதன் அமைதியை நம்பிப் போய், ஏமாந்து திரும்புகிறவர்களும் உண்டு. காரணம், காலைப் படகில் வந்து பிற்பகல் படகில் போய்விடுகிறார்கள். பகலில் சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் ஜெட்டி அருகே உள்ள பரத்பூர் கடற்கரையில் நிற்கும். கடைசிப் படகு கிளம்பிய பிறகுதான் நீல் நீலாகிறது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், அல்லது அந்த நாளையும் ஹேவ்லாக்குக்கே கொடுத்துவிடுங்கள்.

நீலில் எல்லாமே கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. வீட்டுக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் கடல் ஏறி நிற்கும், பிற்பகல் மூன்று, நான்குக்கு நன்றாக வற்றும். அப்போது காலையில் பரத்பூரில் குளியல், பிற்பகலில் லட்சுமண்பூரின் இயற்கைப் பாலம். அந்தப் பாலத்துக்குத் தண்ணீர் வற்றினால்தான் நடந்து போக முடியும். ஏற்ற நேரத்தில் போனால் கரையிலேயே நின்று திரும்ப வேண்டியதுதான். அஷ்டமியை ஒட்டிப் போனால் நேரம் அப்படியே தலைகீழ், ஏற்ற இறக்கமும் குறைவு. நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே சரியான மணியை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். பவளத்தில் கால் வைத்தால் காலும் கிழியும், பவளமும் சாகும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மணல்மீது மட்டும் நடங்கள்.

இரண்டு தீவுக்கும் போவதாக இருந்தால் முதலில் ஹேவ்லாக், அப்புறம் நீல். ஹேவ்லாக்கில் ஸ்கூபா, அதாவது காற்றுக் கலனோடு கடலுக்குள் மூழ்கும் நீச்சல், செய்தவர்கள் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறாமல் உயரே போனால் குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். நீலில் தங்கும் நாட்கள் அந்த இடைவெளியைத் தாமாகவே தந்துவிடும்.

2020இல் சென்னையிலிருந்து போட்ட கடலடி இணையக் கேபிள் ஹேவ்லாக்கைத் தொட்டது, நீல் அந்தப் பட்டியலில் இல்லை. கைபேசிப் பணத்தை மட்டும் நம்பாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மணல் ஈ கடித்த இடத்தைச் சொறியாதீர்கள், புண்ணாகும்.

இதைவிடத் தனிமை வேண்டுவோருக்குத் தெற்கே லிட்டில் அந்தமான். கப்பலில் பல மணி நேரம், வசதி சொற்பம். ஓங்கே பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் நுழைவது குற்றம்.

கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. பெட்டியைக் கட்டுமுன் குழந்தைகளின் பைகளையும் பாருங்கள். பவளத் துண்டு எடுத்துப் போவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபடும்.

நன்றி, வணக்கம்.