அருமை என்று போட்டவர் படித்தாரா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் தளை, அதாவது செய்யுளில் ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம், பற்றி நான்கும் ஐகாரக் குறுக்கம் பற்றி ஒன்றும் இருக்கின்றன. அவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, இரண்டு வருடமாகக் கவிதை எழுதி வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போடுகிறேன். போன வாரம் போட்டதற்கு 43 பேர் 'அருமை' என்று எழுதினார்கள். இதில் எத்தனை பேர் நிஜமாகவே படித்திருப்பார்கள்? தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?"

அந்தக் கவிதையையும் இணைத்திருக்கிறார். நான்கு வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில் தபால் பிரிவு. ராத்திரி வண்டியில் நின்றுகொண்டே பிரிப்போம். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி வந்தது. நான் வேலையில் சேர்ந்தபோதும் பாதிப் பேர் அதை எழுத மாட்டார்கள். அதனால் ஊர்ப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். கார்டு என்றால் ஒளிவுமறைவே இல்லை, எழுதியது எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். "அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே வா" என்றுகூட இருந்திருக்கும். நாங்கள் படித்ததில்லை. கண் ஊர்ப் பெயரைப் பார்க்கும், கை அந்த ஊர்க் கட்டத்துக்குள் போட்டுவிடும், அடுத்த கார்டு. "அருமை" போடுகிறவர்களில் பலர் செய்வது இந்த வேலைதான். யார் அனுப்பியது என்று பார்ப்பார்கள். நம்ம அக்கா. ஒரு "அருமை". அடுத்தது.

அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு குழுவில் காலை ஏழு மணிக்குள் இருபது கவிதை வந்து விழுந்தால் மனிதன் என்ன செய்வான்? பல் தேய்க்க வேண்டாமா?

சரி, படித்தாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பெல்லாம் நான் ஒரு வழி சொல்வேன்: "எந்த வரி பிடித்தது என்று கேளுங்கள்." இப்போது அப்படிச் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது.

கணினியில் தமிழுக்கு யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கம் பரவாத காலம். 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூட்டி டாம், டாப் என்று குறியாக்கங்களை அறிவித்தார்கள். இணையத்தில் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்கள் பலர் திஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்தில் இருந்தார்கள். ஒருவரிடம் இருக்கும் எழுத்துரு இன்னொருவரிடம் இருக்காது. நான் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, ஒரு அறுசீர் விருத்தத்தைத் தட்டி, மின்னஞ்சலில் ஒன்பது நண்பர்களுக்கு அனுப்பினேன். ஏதோ ஒன்றை மாற்றி அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. போய்ச் சேர்ந்தது முழுக்க பிரெஞ்சுக் கொம்பு வைத்த எழுத்தும் டிகிரிக் குறியும்தான். இரண்டு பேர் "எழுத்து வரவில்லை, திரும்ப அனுப்பவும்" என்று எழுதினார்கள். ஒருவர் எழுதினார்: "அருமை. கடைசி வரியில் கண் கலங்கிவிட்டது."

அந்தக் கடைசி வரியில் நாலு கேள்விக்குறியும் ஒரு பவுண்டு அடையாளமும் இருந்தன.

அதிலிருந்து நான் வரியைக் கேட்பதை விட்டுவிட்டேன். சொல்லைத்தான் கேட்கிறேன். எந்தச் சொல்லில் நின்றீர்கள்? பிடித்த சொல்லாக இருக்க வேண்டும் என்றில்லை. இடறிய சொல்லாக இருக்கலாம், புரியாத சொல்லாகவும் இருக்கலாம். வாசிக்கும்போது ஏதாவது ஓர் இடத்தில் கண் அரை நொடி நிற்கும். அந்த இடத்தைச் சொன்னால் போதும். இதை நான் பத்து தடவையாவது இங்கே சொல்லியிருப்பேன், பதினொன்றாவது தடவையும் சொல்கிறேன்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். நாங்கள் பதினைந்து பேர் வாரம் ஒரு ஈற்றடி, அதாவது பாட்டின் கடைசி அடி, கொடுத்து வெண்பா எழுதுகிறோம். ஈற்றடி கொடுத்து முடிக்கச் சொல்வது நமக்குப் பழைய விளையாட்டு, சமஸ்யை என்பார்கள். போன ஆடியில் கொடுத்த ஈற்றடி "மழைநின்ற பின்பும் மணம்". சொன்னவுடனே எல்லாரும் மண்வாசனைக்குப் போனார்கள். பதினான்கு வெண்பாவில் பதினொன்று மண்வாசனை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் குறள் வெண்பாவாக இரண்டே அடி எழுதினார்:

பழையசட்டைப் பையில் பயணச் சீட்டு
மழைநின்ற பின்பும் மணம்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய சட்டை, பையில் ஒரு டிக்கெட், அந்தப் பயணத்தின் வாசனை. மண்ணே இல்லை. "பழைய", "மழை" என்று எதுகையும் அழகாக விழுந்திருக்கிறது.

அப்புறம் என்ன நடந்தது? முதலில் ஆறு "அருமை", மூன்று கைகூப்பு. பிறகு ஒருவர் அவலோகிதத்தில் போட்டுப் பார்த்து, படம் எடுத்துப் போட்டார். அவலோகிதம் தெரியும் அல்லவா, பாட்டைக் கொடுத்தால் அசை, சீர், தளை பிரித்துக் காட்டும் மென்பொருள். தளை தட்டுகிறதாம். உண்மைதான். "பயணச்" புளிமா. மா, காய் என்பவை சீரின் வகை; நேர், நிரை என்பவை அசையின் வகை. மாவில் முடியும் சீருக்குப் பின்னால் நிரையசை வர வேண்டும். "சீட்டு" நேரில் தொடங்குகிறது. வெண்பாவில் அது ஆகாது.

இன்னொருவர் உடனே திருத்தினார்: "பயணத்தின் சீட்டு". இலக்கணப்படி சரி. "பயணத்தின்" புளிமாங்காய், காய்க்குப் பின்னால் நேர் வரலாம். ஆனால் பயணத்தின் சீட்டு என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "அம்மா, என் பயணத்தின் சீட்டைப் பார்த்தாயா?" தளை சரியாகிவிட்டது, பாட்டு போய்விட்டது.

அந்தப் பெண் பதிலே எழுதவில்லை. அவ்வளவுதான், இனி வர மாட்டார் என்று நினைத்தேன். இப்படிப் போனவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் குழுவில் உள்ள ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர் எழுதினார். அவர் வெண்பா எழுத மாட்டார், படிக்க மட்டும் செய்வார். "அம்மா, நான் சீட்டு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இது மெஷின் சீட்டா, கட்டுச் சீட்டா? மெஷின் சீட்டு என்றால் கொஞ்ச நாளில் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். கட்டுச் சீட்டு என்றால் துவைத்தால்தான் போகும். உங்கள் சட்டைப் பையில் இருந்ததில் எழுத்து இருந்ததா?"

இதுதான் ஐயா படிப்பது! அவருக்கு நேர் தெரியாது, நிரை தெரியாது. ஆனால் முப்பது வருடம் சீட்டைக் கிழித்துக் கொடுத்த கை அந்தச் சொல்லைத் தொட்டுவிட்டது.

பத்து நிமிடத்தில் அந்தப் பெண் பதில் எழுதினார். எழுத்து வெளுத்துப்போன மெஷின் சீட்டுதானாம், எந்த ஊருக்குப் போனது என்றுகூடத் தெரியவில்லையாம். அதனால்தான் மணம் என்று எழுதினாராம். கூடவே பாட்டையும் மாற்றிப் போட்டார்:

பழையசட்டைப் பையிலொரு பேருந்துச் சீட்டு
மழைநின்ற பின்பும் மணம்.

"பையிலொரு" கூவிளங்காய், "பேருந்துச்" தேமாங்காய். தளை எங்கேயும் தட்டவில்லை. போட்டுப் பாருங்கள். தளைப் பிழையைக் காட்டியவர் அதைத் தப்பாகக் காட்டவில்லை, ஆனால் அவர் காட்டியபோது இந்தத் திருத்தம் வரவில்லை. யாரோ ஒருவர் தன் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார் என்று தெரிந்த பிறகு வந்தது.

பிழையைப் பொதுவில் சொல்லலாமா, தனியாகச் சொல்ல வேண்டுமா என்றும் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். ஒரு பழைய தனிப்பாடல் இருக்கிறது. தப்பாகப் பாடினால் தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுப்பதற்கு வில்லிபுத்தூரார் இல்லை, தலையையே வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தர் இல்லை, ஆகவே புலவன் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஊர் ஊராகத் திரியலாம் என்று அலுத்துக்கொள்கிறது. இப்போதும் குழுவுக்கு ஒருவர் இந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், நல்ல காலம் போய்விட்டது என்று. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது வேறு: குட்டவும் அறுக்கவும் வெட்டவும் அந்த மூன்று பேரும் முதலில் பாட்டைக் கடைசிவரை கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்த மரியாதையாவது கிடைத்தது. சரி, என் பதில்: ஒற்றுப் பிழை, தட்டச்சுப் பிழை என்றால் தனியாகச் சொல்லுங்கள். பாட்டின் உள்ளே போகிற பேச்சு என்றால் பொதுவில் பேசுங்கள், மற்றவர்களும் கேட்கட்டும்.

இதைவிட எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார், ஹைக்கூ பற்றிய பேச்சில் இதைப் பார்த்தோம். வடிவம் அங்கிருந்து இங்கே வந்தது. மூன்று வரி எழுத நாம் எல்லாரும் கற்றுக்கொண்டோம், மூன்று வரியாக மடக்கி எழுதுவதையாவது கற்றுக்கொண்டோம். ஆனால் அவர்கள் கூடி உட்கார்ந்து படிக்கும் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு குகாய் என்று பெயர். குகை இல்லை, குகாய். ஆளுக்குச் சில துண்டுத் தாளில் கவிதை எழுதிப் போடுவார்கள், பெயர் கிடையாது. எல்லாவற்றையும் கலந்து பங்கு போட்டு, அடுத்தவர் கவிதையைத் தன் கையெழுத்தில் படியெடுப்பார்கள். எழுத்தைப் பார்த்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு தாள்களைச் சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, உரக்க வாசிப்பார்கள். வாசித்த பிறகுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார்.

அந்தப் படியெடுத்தலை யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் கவிதையைக் கையால் எழுதும்போது தாண்டிப் போக முடியுமா? ஒவ்வொரு சொல்லிலும் நின்றுதான் ஆக வேண்டும்.

எங்கள் குழுவிலும் இரண்டு முறை செய்தோம். எல்லாரும் என்னிடம் அனுப்பினார்கள், நான் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு வெளியிட்டேன். முதல் நாள் ஒரு "அருமை"கூட வரவில்லை! யாருடையது என்று தெரியாமல் எப்படிப் போடுவது? அடுத்த நாள்தான் பேச்சு வந்தது. எங்களில் மூத்தவர், மூன்று தொகுப்பு போட்டவர், அவருடைய ஏழாம் எண்ணை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரே ஐந்தாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். அது பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் எழுதியது. பெயர் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு அன்றைக்குக் கூடியது. நான் எழுதியது பதினொன்றாம் எண். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அம்மா, நீங்கள் கேட்டது 43 பேரைப் பற்றி. நான் எதிர்பார்த்த கேள்வி வேறு. "நான் எத்தனை பேருக்கு அருமை போட்டேன்?" என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்திருக்கும், ஏனென்றால் அதில் நான் குற்றவாளி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நண்பர் எட்டு வரியில் ஆசிரியப்பா ஒன்று அனுப்பினார். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். மேலே அவர் பெயர், கீழே எட்டு வரி. "அருமை! தொடர்ந்து எழுதுங்கள்!" என்று போட்டுவிட்டுப் பையில் வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் திறந்து படித்தேன். அவருடைய அம்மா அன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். அது இரங்கற்பா.

அவர் என் பதிலுக்கு ஒரு கைகூப்பு போட்டிருந்தார். ராத்திரி போன் செய்தேன். என்ன பேசுவது? அவர்தான், "விடுங்க அண்ணா, பஸ்ஸில் இருந்திருப்பீங்க" என்றார். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு கவிதைக்கு மேல் பதில் எழுதுவதில்லை. மற்றவற்றுக்கு ஒன்றும் போடுவதில்லை. சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், கர்வம் என்கிறார்கள். இருக்கட்டும்.

சரி, உங்கள் கவிதை. நேயர்களுக்கும் வாசித்துவிடுகிறேன்.

அத்தை வீட்டுத் திண்ணையை
இடித்துவிட்டார்கள்
இப்போதும் அந்த இடத்தில்
செருப்பைக் கழற்றுகிறேன்

நான் இதை என் நோட்டில் கையால் எழுதிப் பார்த்தேன். "இப்போதும்" என்ற சொல் தேவையா என்று ஒரு கணம் பட்டது, பிறகு இருக்கட்டும் என்று விட்டேன். "செருப்பை" என்பதில் நிற்பேன் என்று நினைத்தேன், நிற்கவில்லை. நான் நின்றது "அந்த இடத்தில்" என்பதில். திண்ணை போன பிறகு அங்கே என்ன இருக்கிறது, அம்மா? வண்டி ஏற்றுவதற்குச் சாய்வாகச் சிமெண்டு போட்டிருக்கிறார்களா? கம்பி கேட் வைத்துவிட்டார்களா? தெருவே அகலமாகி, நீங்கள் நடு ரோட்டில் நின்றுகொண்டா செருப்பைக் கழற்றுகிறீர்கள்? எழுதுங்கள். தளைக் கேள்விகளோடு அடுத்த வாரம் அதையும் வாசிக்கிறேன்.