சமையலறை இல்லாத பப்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் அயர்லாந்து மக்களுக்கு வந்த ஒரு கோபத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பப்களைத் திறக்க அரசு ஒரு தேதி சொல்லும், அது நெருங்கும்போது தள்ளிப்போடும், அப்புறம் இன்னொரு தேதி சொல்லும். அதில் வந்த கோபம். "குடிக்க முடியவில்லை என்றா இத்தனை கோபம்?" என்று நம்மூரில் கேட்டார்கள். அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், குடிக்கு அதில் சிறு பங்குதான் உண்டு.

அயர்லாந்தின் சிற்றூர் பப் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு மேலே குடும்பப் பெயர் எழுதியிருக்கும். பெரும்பாலும் மாடியில் அந்தக் குடும்பமே குடியிருக்கும். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் அடக்கம் முடிந்ததும் அங்கேதான் போய் உட்கார்வார்கள். உள்ளூர் அணி ஜெயித்தாலும் தோற்றாலும் அங்கேதான் பேச்சு. கல்யாணமே செய்துகொள்ளாமல் தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்கள் நிறைந்த பகுதி அது. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். வாரத்தில் சில மாலைகள் பப்புக்கு வருவார், ஒரே ஒரு கிளாஸ் வாங்குவார், இரண்டு மணி நேரம் பேசுவார். வேறு யாரிடமும் அவர் பேசி நான் பார்த்ததில்லை. நம் கிராமத்து டீக்கடை பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள், அது மாதங்கணக்கில் காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும்?

2020 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் தேசியத் திருநாளான செயின்ட் பேட்ரிக் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பப்களை அன்றிரவே மூடும்படி அரசு கேட்டுக்கொண்டது. பப் உரிமையாளர்களின் சங்கங்களும் ஒத்துழைத்தன. வருடத்திலேயே பெரிய வியாபார நாள் போகிறதே என்று யாரும் சண்டைக்கு நிற்கவில்லை. ஊரே பயந்திருந்த நேரம் அது. வேலை இழந்தவர்களுக்கு வாரம் 350 யூரோ உதவித்தொகை வந்தது. முதல் சில மாதங்கள் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

மே 1ஆம் தேதி அரசு வெளியிட்ட திட்டத்தில் பப்கள் கடைசிக் கட்டத்தில், ஆகஸ்ட் 10க்கு இருந்தன. தொற்று குறைந்ததும் ஜூலை 20க்கு முன்னே கொண்டுவந்தார்கள். அந்தத் தேதிக்கு ஐந்தே நாள் இருக்கும்போது மறுபடியும் ஆகஸ்ட் 10 என்றார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி அதுவும் போய், 31 என்று ஆனது. அதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு தேதியையும் நம்பி பீர் பீப்பாய்க்கு ஆர்டர் கொடுத்து, தடுப்புப் பலகை அடித்து, வேலையாட்களைத் திரும்ப வரச் சொன்னவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்று இதைவிட ஆழமாகக் குத்தியது. உணவு பரிமாறும் பப்கள் ஜூன் 29ஆம் தேதியே திறந்துவிட்டன. குறைந்தது 9 யூரோ விலையுள்ள சாப்பாடு வாங்கினால் பானம் தரலாம் என்பது விதி. நாட்டில் இருந்த சுமார் 7,000 பப்களில் ஏறக்குறைய பாதியில் சமையலறையே கிடையாது. 'வெட் பப்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சின்னக் கடைகள் பூட்டியே கிடந்தன. நகரத்தில் நூறு பேர் உட்காரும் பெரிய இடம் திறந்திருக்க, ஆறு முதியவர்கள் வந்துபோகும் கடைக்கு அனுமதி இல்லை. ஒரு தட்டு உணவு வைரஸை எப்படித் தடுக்கும் என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. செப்டம்பரில், ஒவ்வொரு மேசைக்கும் என்ன உணவு போனது என்ற குறிப்பை 28 நாள் வைத்திருக்க வேண்டும் என்று புது விதி வேறு வந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பு நாடு முழுக்கக் கேட்டது.

அரசுக்கு ஆலோசனை சொன்ன மருத்துவ நிபுணர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூடிய அறை, மணிக்கணக்கில் பேச்சு, குடித்தபின் தளரும் கவனம், எல்லாமே பரவலுக்கு வழிதான். அந்தக் கோடைக்குள் 1,700 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். மார்ச்சிலிருந்து மூடிக் கிடந்த பள்ளிகளை முதலில் திறக்க வேண்டும் என்றது அரசு. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் "பள்ளிகள் திறந்து நிலவரம் தெரியும்வரை உங்களுக்குத் தேதி தர முடியாது, அதுவரை கடையைக் காப்பாற்ற இவ்வளவு பணம் தருகிறோம்" என்று மே மாதமே சொல்லியிருக்கலாம். காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கத் தெரிந்த மக்கள் அவர்கள். நம்ப வைத்து நம்ப வைத்துக் கைவிட்டதுதான் தவறு.

இந்தச் சூழலில்தான் ஆகஸ்ட் 19ஆம் தேதி கால்வே மாவட்டத்தில் கிளிஃப்டன் ஊர் ஹோட்டல் ஒன்றில் நாடாளுமன்ற கோல்ஃப் சங்கத்தின் விருந்து நடந்தது. 80 பேர் அளவில் கலந்துகொண்டார்கள். முந்தின நாள்தான் கூட்டங்களுக்கான விதிகளை அரசு இறுக்கியிருந்தது. விவசாய அமைச்சர் டாரா கலெரி பதவி விலகினார், ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்தின் ஆணையராக இருந்த ஃபில் ஹோகனும் சில நாளில் விலகினார். இறுதிச் சடங்குக்குக்கூட முழுக் குடும்பமும் போக முடியாமல் தவித்த ஒரு நாட்டில் இது எப்படி எரிந்திருக்கும்! பூட்டிய கடைக்கு உள்ளே உட்கார்ந்து செய்தி கேட்டவர்களுக்கு அதற்குமேல் பொறுமை எங்கிருந்து வரும்?

கடைசியில் செப்டம்பர் 21ஆம் தேதி வெட் பப்கள் திறந்தன, தலைநகர் டப்ளினைத் தவிர. டப்ளினில் தொற்று ஏறியதால் மூன்று நாள் முன்புதான் கட்டுப்பாடு கூடியது. திறந்த மற்ற ஊர்களிலும் ஒரு மாதம்தான், அக்டோபர் கடைசியில் மறுபடி முழு முடக்கம். டிசம்பரில் சாப்பாட்டு பப்களுக்கு மட்டும் திரும்ப அனுமதி கிடைத்தது. டப்ளினின் வெட் பப்களுக்கு வெளி இருக்கை அனுமதி 2021 ஜூன் 7இல்தான் வந்தது. அங்கே வெளியே இடமே இல்லாத கடைகள் ஜூலை 26 வரை, அதாவது 16 மாதங்களுக்கு மேல், பூட்டிக் கிடந்தன. சில கடைகள் பிறகு திறக்கவே இல்லை.

கொரோனாவை நாடு கையாண்ட விதத்தை ஆராய 2024இல் அயர்லாந்து அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது. அந்தக் குழுவிடம் இரண்டு கேள்விகளாவது போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். 9 யூரோ சாப்பாட்டை எல்லைக்கோடாக வைத்தபோது அதற்கு என்ன ஆதாரம் இருந்தது? தனியாக வாழும் முதியவர்கள் மாலையில் எங்கே போவார்கள் என்று அப்போது யாராவது கேட்டார்களா?

நன்றி, வணக்கம்.