கேட்பவர் முகத்தில் பிறக்கும் சிரிப்பு

நண்பர்களே, வணக்கம்.

பல பேர் சேர்ந்து சிரிக்க வைக்கும் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஒரே படத்தை எடுத்துக்கொண்டால் தெளிவாக இருக்கும் என்று தோன்றியது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. எனக்கு மிகவும் பிடித்த படம். பிடித்ததால்தான் அதில் உள்ள ஒரு குறை என்னை விடாமல் உறுத்துகிறது. அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படத்தின் பெயரைச் சொன்னதுமே உங்கள் மனதில் ஓடத் தொடங்கும் காட்சி எதுவென்று எனக்குத் தெரியும். படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, அப்பா விஸ்வநாதனை உட்கார வைத்துத் திகில் கதை சொல்வாரே, அதுதான். செல்லப்பாவாக வரும் நாகேஷ் கதையின் சத்தங்களை எல்லாம் வாயாலேயே எழுப்புவார். கண்ணை உருட்டுவார், குரலை இறக்குவார். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

ஒரு தடவை அந்தக் காட்சியை வேறு மாதிரி பார்த்தேன். நாகேஷ் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமல், விஸ்வநாதனாக நடித்த பாலையாவை மட்டும் கவனித்தேன். சிரிப்பு குறையும் என்று நினைத்தேன், கூடித்தான் போனது. இவன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறான் என்ற அலட்சியம் முதலில். அப்புறம் கொஞ்சம் கவனம். அப்புறம், தான் கதை கேட்டுக்கொண்டிருப்பதே மறந்துபோய் உண்மையான பயம். 1936இல் 'சதி லீலாவதி' படத்தில் வில்லனாக வந்தவர், நாடகத்தில் ஊறி வளர்ந்தவர். வசனம் எதிரில் இருப்பவருக்குப் போய்விட்டாலும் அவர் நடிப்பு நிற்பதில்லை. நாகேஷ் சொல்வது பாதி என்றால், பாலையா கேட்பது மீதிப் பாதி. அவர் பயப்படாமல் உட்கார்ந்திருந்தால் நாகேஷின் அத்தனை உழைப்பும் வெறும் மிமிக்ரியாகப் போயிருக்கும்.

பல பேர் நடிக்கும் நகைச்சுவைக்கு அடிப்படை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சொல்பவர் நிறையப் பேர் கிடைப்பார்கள். கேட்பவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுத்திலேயே இதற்கு வழி செய்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் சிரிப்புக் காட்டவேண்டும் என்று யாரும் வருவதில்லை. ஆளுக்கு ஒரு பைத்தியம் இருக்கிறது. செல்லப்பாவுக்குச் சினிமா, விஸ்வநாதனுக்குப் பணக்காரச் சம்பந்தம், ரவிச்சந்திரன் நடித்த அசோக்குக்கு விஸ்வநாதனின் மகள் மேல் காதல். ஒருவர் ஆசை இன்னொருவர் ஆசையின் காலை மிதிக்கிறது. விஸ்வநாதனை ஏமாற்ற அசோக் தன் நண்பன் வாசுவைப் பணக்கார அப்பாவாக வேஷம் போட வைக்கிறான். அங்கே வந்து பார்த்தால், வாசு காதலிக்கும் பெண்ணே விஸ்வநாதனின் இன்னொரு மகள்! தாடிக்குள்ளே ஒரு இளைஞன், வெளியே மரியாதைக்குரிய பெரியவர். வாசுவாக நடித்த முத்துராமன் இந்த இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு படும் அவஸ்தைக்குத் தனியாக நகைச்சுவை வசனமே தேவைப்படவில்லை. 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று நம்மை அழவைத்த அதே ஸ்ரீதர்தான் இதையும் செய்தார். அழுகைக்கான முடிச்சைப் போடத் தெரிந்தவர் என்பதால்தான் சிரிப்புக்கான முடிச்சும் இவ்வளவு இறுக்கமாக விழுந்தது என்று எனக்குப் படுகிறது.

பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் எல்லாமே இனிமை. ஆனால் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டில் கதையே நடக்கிறது. விஸ்வநாதனிடம் அசோக்குக்கு வேலை போன கோபம், கிண்டல், கூட்டம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. மற்ற சில பாட்டுகளில் கதை உட்கார்ந்து இளைப்பாறுகிறது. கேட்க ஆனந்தம்தான். ஆனால் முடிச்சு கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது.

சரி, குறைக்கு வருகிறேன். கடைசியில் குட்டு உடைந்த பிறகு படம் அவசரமாக முடிகிறது. அதைக்கூட மன்னித்துவிடலாம். என்னால் விடமுடியாதது அந்த இரண்டு மகள்கள் விஷயம். ராஜஸ்ரீயும் காஞ்சனாவும் திரையில் நிறைய நேரம் வருகிறார்கள், பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். ஆனால் ஆண்களுக்குக் கிடைத்த அந்தப் பைத்தியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. காதலைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வேண்டும் என்று படம் கேட்பதே இல்லை. பெண்களில் சிரிப்பில் பங்கு கிடைத்தது செல்லப்பாவின் கதாநாயகியாக வரும் சச்சுவுக்குத்தான். 1962இல் 'வீரத்திருமகன்' படத்தில் கதாநாயகியாக நடித்தவர் அவர். இங்கே நாகேஷுக்கு ஈடுகொடுத்து நிற்கிறார். அவரால் முடிந்தது என்றால், வாய்ப்புக் கொடுத்திருந்தால் மற்ற இருவராலும் முடிந்திருக்கும்.

அவர்கள் செல்லப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கும் சகோதரிகள். அவன் அவர்களை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருத்தி பயந்திருப்பாளா? இன்னொருத்தி கதையில் ஓட்டை கண்டுபிடித்து அவனைத் திணறடித்திருப்பாளா? அந்தக் காட்சி எழுதப்படவே இல்லை.