விடுதலைக்கு மறுநாள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியவர்களே, அக்கா தங்கைகளே, வணக்கம். இன்றைக்கு நான் பேச வந்தது ‘ரெக்டிஃபை’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி. 2013 முதல் 2016 வரை நான்கு சீசன் வந்தது. டேனியல் என்பவன் 18 வயதில் கொலைக் குற்றத்துக்காக உள்ளே போகிறான், ஏறக்குறைய 19 வருஷம் மரண தண்டனைக் கைதியாகக் கிடக்கிறான், அப்புறம் மரபணுச் சோதனையால் தீர்ப்பு ரத்தாகி வெளியே வருகிறான். வேறு கதையாக இருந்தால் அம்மா கட்டிக்கொண்டு அழுததும் சுபம் போட்டுவிடுவார்கள். இது அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் சீசன் முழுக்க அவன் வெளியே வந்த முதல் வாரத்துக் கதைதான்.

அப்பா உயிரோடு இல்லை. அம்மா வேறொருவரை மணந்திருக்கிறாள், அவன் உள்ளே இருந்தபோது பிறந்த தம்பி வளர்ந்து நிற்கிறான், இவனோ பரணில் கிடந்த பழைய கேசட்டுகளை எடுத்து வைத்துக் கேட்கிறான். தீர்ப்பு ரத்தானதே தவிர நிரபராதி என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஊரில் பலருக்கு அவன் இன்னும் கொலைகாரன்தான். கதையும் அவசரப்பட்டு அவனுக்கு நற்சான்று கொடுத்துவிடாது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. நிரூபித்துவிட்டு வா, அப்புறம் சோறு போடுகிறேன் என்று எந்த அம்மா சொல்வாள்?

நம்மிலும் இப்படிப் போனவர்கள் உண்டு, மனநல ஆஸ்பத்திரிகளுக்கு. எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர், நம்மவர்கள் முன்பு குடியிருந்த டர்பனின் காட்டோ மேனர் பகுதியிலிருந்து போனவர். வலிப்பைப் பைத்தியம் என்று எழுதிவிட்டார்கள் என்பார்கள் அவர் வீட்டில். திரும்பி வந்தபோது அவர் விட்டுப்போன தெருவே இல்லை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் குடும்பத்தை இங்கே சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்தது. இரவில் கதவைத் தாழிட்டாலும் பதறுவார், தாழிடாவிட்டாலும் பதறுவார். சோறு இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை.

அதற்காக, கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று சொல்ல மாட்டேன். 2016இல் கௌடெங் மாகாணத்தில், லைஃப் எசிடிமேனி என்ற மனநல மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளை, செலவைக் குறைக்கிறோம் என்று, தகுதியில்லாத இல்லங்களுக்கு அவசர அவசரமாக மாற்றினார்கள். 144 பேர் செத்தார்கள். பெற்ற பிள்ளை எந்த இல்லத்தில் இருக்கிறான் என்றே தெரியாமல் அலைந்த குடும்பங்கள் உண்டு.

நம் நாட்டின் 2002ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, ஒருவரைச் சம்மதமில்லாமல் வைத்திருந்தால் ஆறு மாதத்திலும் அப்புறம் வருஷா வருஷமும் அவர் நிலையை மறுஆய்வு செய்ய வேண்டும். உங்கள் வீட்டு ஆள் யாராவது உள்ளே இருந்தால், அந்த அறிக்கை எங்கே என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமா, கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.