கப்பலில் திக்கிய ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

‘தனியாகப் போகாதே’ என்ற சொல் கேட்காத பெண் உண்டா? ஏன் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ‘சொன்னா கேளு’, அவ்வளவுதான். அந்த ஏனுக்கு 24 வயதில், அதுவும் கடலில், பதில் கிடைத்த ஒருத்தியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் முதல் நாவல் ‘தி வாயேஜ் அவுட்’. 1915 மார்ச் 26 அன்று வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது 33. ‘மெலிம்ப்ரோசியா’ என்று முதலில் பெயர் வைத்து, எழுதி, கிழித்து, திரும்ப எழுதி, பல வருடம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். இடையில் கடுமையான மனநோய் வேறு.

நாயகி ரேச்சல். அம்மா இல்லை. லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் அத்தைமார் வளர்ப்பு. பியானோ நன்றாக வாசிப்பாள், உலகம் தெரியாது. அப்பாவின் சரக்குக் கப்பலில் தென் அமெரிக்காவுக்குப் போகிறாள். கூடவே தாய்மாமனும் அவர் மனைவி ஹெலனும்.

லிஸ்பனில் டாலோவே தம்பதி ஏறுகிறார்கள். ஆமாம், 1925-ல் வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’ என்ற தனி நாவலுக்கே நாயகியான அதே கிளாரிசா டாலோவேதான். புயல் அடங்கிய பிறகு, கப்பல் ஒரு குலுக்குக் குலுக்க, அவள் கணவர் ரேச்சலை முத்தமிட்டுவிடுகிறார். அன்று இரவு ரேச்சலுக்கு ஒரு கனவு. நீளமான சுரங்கப்பாதை, போகப் போகக் குறுகுகிறது, இரண்டு பக்கமும் ஈரச் செங்கல் கையில் தட்டுகிறது. விழித்தவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுகிறாள். இந்தத் தாழ்ப்பாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஹெலன் அவளை உட்கார வைத்துப் பேசுகிறாள். லண்டன் பிக்காடில்லித் தெருவில் நிற்கும் பெண்கள் யார், அவர்கள் பாலியல் தொழிலாளிகள் என்பது, ஆண்கள் அவர்களை எப்படிப் பார்க்கிறார்கள், எல்லாம். ரேச்சல் சட்டென்று சொல்கிறாள்: “அதனால்தான் என்னால் தனியாக நடக்க முடியவில்லையா!” தன் வாழ்க்கை இதுவரை உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஓட்டிச்செல்லப்பட்டது என்பது அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிகிறது.

அடுத்து வருகிற இடம்தான் எனக்கு உயிர். இனி நீ உனக்கென்று ஒரு ஆளாக இருக்கலாமே என்கிறாள் ஹெலன். கடலைப் போல, காற்றைப் போல, எதிலும் கரைந்துபோகாத ஒன்றாக ரேச்சல் தன்னைப் பார்க்கிறாள். “என்னால் நானாக இருக்க முடியும்” என்று சொல்ல வருகிறாள். வரவில்லை. ‘ம்-ம்-மைசெல்ஃப்’ என்று நாக்கு தடுக்குகிறது.

திக்குகிறாள், கவனியுங்கள். கல்லூரியில் பாடம் எடுத்த நாட்களில் இந்த இடத்தை வாய்விட்டுத்தான் படிப்பேன். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், என் வகுப்பில் அதுவரை வாயே திறக்காதவள், எழுந்தாள். “மேடம், அந்த வார்த்தையை அவ அதுக்கு முன்னாடி சொன்னதே இல்லையோ?” என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் யாரும் போகவில்லை. புதுச் சொல், நாக்குக்குப் பழக்கமில்லை. பேனாவைத் திறந்துகொண்டு முதல் நாவல் எழுத உட்கார்ந்த வுல்ஃபுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். சான்டா மரீனாவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கப்பல் போய்ச் சேரும் கற்பனை ஊர் அது. அங்கே டெரன்ஸ் ஹூவெட் என்ற இளைஞன்; மனிதர்கள் சொல்லாமல் விடுபவற்றைப் பற்றி, மௌனத்தைப் பற்றி, நாவல் எழுத ஆசைப்படுகிறவன். ஆற்றுப் பயணத்தில் இருவருக்கும் காதல், திருமணப் பேச்சு. பிறகு ரேச்சலுக்குக் காய்ச்சல். பிழைக்கவில்லை.

அந்தக் காய்ச்சலில் சுரங்கப்பாதை திரும்ப வருகிறது. இந்த முறை தேம்ஸ் நதிக்கு அடியில். அதே கசிகிற செங்கல். கப்பலில் அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டாள். இங்கே அவளால் எழ முடியவில்லை.

வணக்கம்.