தூக்கா, ஆயுளா? நாசிக் வழக்கில் கோர்ட்டுகள் கேட்காமல் விட்ட கேள்வி

[திரையில்: இருட்டு. ஒரு பழைய போட்டோ ஆல்பம் மெதுவாகப் புரட்டப்படுகிறது.]

2003 ஜூன் மாதம். மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் ஒரு குடிசை. ராத்திரியில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து கொள்ளையடித்தது, பெண்களைச் சீரழித்தது, ஐந்து பேரைக் கொன்றது. படுகாயத்தோடு பிழைத்தவர்களில் ஒருவர் அந்த வீட்டு அம்மா.

சம்பவம் நடந்து சில நாள்களுக்குள், போலீஸ் வைத்திருந்த பழைய குற்றவாளிகளின் ஆல்பத்தை அவரிடம் காட்டினார்கள். அவர் நான்கு பேரை அடையாளம் சொன்னார்.

பிறகு ஆறு பேர் மீது வழக்கு நடந்தது. அந்த நான்கு பேரில் ஒருவர்கூட இந்த ஆறில் இல்லை.

“இது போலீஸ் செய்த கோளாறு, இதில் கோர்ட்டை ஏன் இழுக்கிறீர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

[திரையில்: 2006, 2007, 2009 என்று ஆண்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

2006-ல் செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007-ல் பம்பாய் ஹைகோர்ட் மூன்று பேருக்குத் தூக்கை உறுதி செய்து, மற்ற மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், ‘அதெல்லாம் இல்லை, ஆறு பேருக்கும் தூக்குதான்’ என்று பழையபடி மாற்றியது.

கவனியுங்கள். கோர்ட்டுக்குக் கோர்ட் மாறியது தண்டனை மட்டும்தான். செய்தது இவர்கள்தானா என்ற கேள்விக்கு மூன்று இடத்திலும் ஒரே பதில். கொடூரம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், சாட்சியத்தில் இருந்த ஓட்டை சின்னதாகத் தெரிந்துவிட்டது. நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

[திரையில்: கோர்ட் அறையின் கோட்டோவியம். குற்றவாளிக் கூண்டு மட்டும் சிவப்பில்.]

அடையாளம் காட்டுவது கோர்ட்டில் எப்படி நடக்கிறது? கூண்டில் நிற்பவரைப் பார்த்து சாட்சி “இவர்தான்” என்று சொல்ல வேண்டும். சட்டப்படி இதுதான் அடிப்படைச் சாட்சியம். ஜெயிலில் நடத்தும் அடையாள அணிவகுப்பு அதற்குப் பக்கபலம் மட்டுமே. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். சம்பவம் நடந்து மாதங்கள், சில வழக்குகளில் வருஷங்கள் ஓடியிருக்கும். சுற்றிலும் போலீஸ், நடுவில் கூண்டு, உள்ளே ஒரு ஆள். யாரைக் காட்ட வேண்டும் என்று அந்த அறையே சொல்லிக் கொடுத்துவிடும். ரத்தம் காய்வதற்குள் ஆல்பத்தில் காட்டிய முகமா, இந்தக் கூண்டில் காட்டிய முகமா, எதற்கு எடை அதிகம்?

இதை வக்கீல்தான் கேட்க வேண்டும் என்றில்லை. அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 165-வது பிரிவுப்படி நீதிபதி எந்தச் சாட்சியிடமும் எப்போது வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311-வது பிரிவுப்படி யாரை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். நம் ஊர் நீதிபதி, கிரிக்கெட் அம்பயர் மாதிரி அப்பீல் வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியவர் இல்லை.

அப்புறம் மேல்முறையீடு. அங்கே பெரும்பாலும் சாட்சியின் முகமே கிடையாது, காகிதம்தான். கீழ்க்கோர்ட் நேரில் பார்த்து நம்பியதை மேலே லேசில் தொட மாட்டார்கள். இரண்டு கோர்ட் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால் மூன்றாவது கோர்ட் இன்னும் தயங்கும்.

2009-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. ஆறு பேருக்கும் தூக்கு கொடுத்த தீர்ப்பு, 1996-ல் வந்த ஒரு தீர்ப்பில் சாய்ந்துகொண்டது. குற்றத்தின் கொடூரத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளி யார், எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டியதில்லை என்ற ரீதியில் போகும் தீர்ப்பு அது. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று 1980-ல் ஐந்து நீதிபதிகள் சொன்ன பச்சன் சிங் தீர்ப்புக்கு அது முரண் என்று அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட்டின் வேறொரு அமர்வு சொல்லிவிட்டது. 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் ஜனாதிபதிக்கு எழுதினார்கள், இப்படித் தவறாகத் தூக்கு விதிக்கப்பட்டவர்களின் தண்டனையைக் குறையுங்கள் என்று. நல்ல மனது, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கேட்டதும் தண்டனையைப் பற்றித்தான்!

ஆறு பேரில் ஒருவருக்குச் சம்பவத்தின்போது 18 வயதுகூட ஆகவில்லை. சிறுவருக்குத் தூக்கே கிடையாது. அதுவும் பிற்பாடுதான் வெளியே வந்தது.

[திரையில்: மீண்டும் அதே ஆல்பம். நான்கு காலிச் சட்டங்கள்.]

தூக்கு வழக்குகளில், தன் தீர்ப்பையே மறுபடி பார்க்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டிடம் கேட்கும் மறுசீராய்வு மனுவைத் திறந்த கோர்ட்டில், மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டும் என்று 2014-ல் விதி வந்தது. அதற்கு முன்பு நீதிபதிகளின் அறைக்குள்ளேயே, காகிதத்திலேயே முடிந்துவிடும். இந்த வழக்கில் 2018-ல் சுப்ரீம் கோர்ட் தன் 2009 தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2019 மார்ச் 5-ல் ஆறு பேரும் விடுதலை. அந்த அம்மா முதலில் காட்டிய நான்கு பேரை ஏன் விசாரிக்கவே இல்லை என்று அன்றைக்குத்தான் ஒரு தீர்ப்பு உரக்கக் கேட்டது. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த பரம ஏழைக் கூலிகள் இவர்கள், பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது.

தவறிய போலீஸ் அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள். ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 16 வருஷ ஜெயிலுக்கு அதைப் பிரித்துப் பாருங்கள். நாளுக்கு 90 ரூபாய்கூட வராது.